கஞ்சிப் பானை மேல் இரண்டு எழுத்து

என் அடுக்களையில் கஞ்சிப் பானையை மூடி வைக்கவென்று ஒரு தகரம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலம். சிவப்புச் சாயம் பாதிக்குமேல் போய்விட்டது. நடுவில் சீனத்து எழுத்து இரண்டு, கோலம் போடத் தெரியாதவள் அவசரத்தில் இழுத்துவிட்டுப் போனது மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். போன வருஷம் பினாங்கிலிருந்து வந்த என் மகன் அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தான்.

"அம்மா, இதுல இன்ஷூரன்ஸுன்னு எழுதியிருக்கு, தெரியுமா? சீனன் ஒரு மாதிரி வாசிப்பான், ஜப்பான்காரன் ஒரு மாதிரி, கொரியாக்காரன் வேற மாதிரி. ஆனா எழுத்து மூணு பேருக்கும் ஒண்ணுதான்" என்றான்.

"எனக்கா தெரியாது? நீ பொறக்க முன்னாலேயே தெரியும்லே" என்றேன்.

அவன் நம்பவில்லை. பிள்ளைகள் கப்பல் ஏறிவிட்டால் பெற்றவள் அடுப்பங்கரையிலேயே பிறந்து அடுப்பங்கரையிலேயே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். உட்கார்த்தி வைத்து முழுக்கச் சொன்னேன். அவனுக்குச் சொல்லும்போது சிரிப்பாக இருந்தது. நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அந்த மழைக்காலம் முழுவதும் நான் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டில் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்த்தார். விடிய விளக்கு வைத்துக்கொண்டு போவார், விளக்கு வைத்த பிறகு வருவார். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பகலெல்லாம் நானும் என் மாமனாரும்தான்.

மாமனாருக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நல்ல நஞ்சை இருந்தது. பங்காளியோடு ஒரு வரப்புக்காக வழக்காடி, வரப்பு ஜெயித்தது, வயல் போய்விட்டது. வக்கீல்களுக்குப் போனது போக மிச்சம் வீடும் வேட்டியும். ஆனால் ஒரு சொத்து மட்டும் போகவில்லை. அவருக்குக் கைராசி உண்டு என்று ஊர் முழுக்க நம்பியது. நாற்றங்காலில் முதல் பிடி விதை அவர் போட வேண்டும். கிணறு வெட்டினால் முதல் மண் அவர் அள்ள வேண்டும். புதுக்கடை திறந்தால் கல்லாவில் முதல் காசு அவர் கையால் விழ வேண்டும். தன் வயலைக் காப்பாற்றாத கை மற்றவர்களுக்கு மட்டும் எப்படி விளைவித்தது என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன், மனசுக்குள்.

அந்தத் தகரம் வந்தது ஒரு தை மாசம். கொண்டுவந்தவர் தெற்கத்திக்காரர். பினாங்கில் ஒரு காயல்பட்டினத்து வியாபாரியிடம் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. திருநெல்வேலியில் ஒரு பண்டு, அதாவது நிதிக் கம்பெனி, ஆரம்பித்திருப்பதாகவும் தான் அதன் ஏஜெண்டு என்றும் சொன்னார். கூட்டம் எங்கள் வீட்டு முன்கூடத்தில், பட்டாசலில் நடந்தது. நல்ல காரியம் எதையும் மாமனார் முன்னால்தானே தொடங்க வேண்டும்!

ஏஜெண்டு பையிலிருந்து தகரத்தை எடுத்துக் காட்டினார். பினாங்கில் சீனன் கடை வாசல்தோறும் இப்படி ஒன்று அடித்திருக்குமாம்.

"அண்ணாச்சிமாரே, இந்த முதல் எழுத்துக்குக் காக்கிறதுன்னு அர்த்தம். ரெண்டாவதுக்கு ஆபத்துன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்தா இன்ஷூரன்ஸ். சீனன் இப்படித்தான் எழுதுதான். கொரியாக்காரன் இப்படித்தான் எழுதுதான். ருஷ்யாக்காரனை அடிச்சு விரட்டுன ஜப்பான்காரனும் இப்படித்தான் எழுதுதான். மூணு தேசம் ஒரு சொல்லை வச்சிருக்குன்னா அதுல விசயம் இல்லாமலா இருக்கும்? நமக்குத்தான் இன்னும் அதுக்கு ஒரு சொல்லு இல்லை."

ஜப்பான் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஜப்பான்காரன் செய்தால் அது சரியாகத்தான் இருக்கும். மாமனார் மட்டும் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் வே, இது ஆபத்து வராமக் காக்குதா, இல்லை ஆபத்து வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பண்டின் நடைமுறை இதுதான். மாசம் ஒரு ரூபாய் கட்ட வேண்டும். யாராவது ஒருவருடைய உயிரின் பேரில் கட்ட வேண்டும். அந்த ஆள் செத்தால் கட்டினவருக்குப் பெரிய தொகை. அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. டாக்டர் பார்க்க வேண்டியதில்லை. அவர் ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். முதல் ஒரு வருஷத்துக்குள் அவர் செத்துப்போனால் மட்டும் ஒன்றும் கிடையாது, கட்டின காசும் போச்சு.

இப்போது கேட்டால் இது சூதாட்டம் என்று சின்னப்பிள்ளை சொல்லும். அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. யார் உயிரின் பேரில் எழுதுவது என்று பட்டாசலில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த வீட்டு அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார். பருத்தி வாங்கி விற்கிறவர், எதையும் எடைபோட்டுப் பார்க்கிற கண். "வேற யாரு இருக்கா? கைராசிக்காரர் இங்கனயே இருக்கும்போது?" என்று தன் தாளை மாமனார் முன்னால் வைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர். விதை நெல்லுக்கு அவர் கை வேண்டும், கல்லாவுக்கு அவர் கை வேண்டும், பண்டுக்கு மட்டும் வேண்டாமா என்ன? மாமனார் ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றி, உ போட்டு, தன் பேரை எழுதினார். தெருவுக்கு ஆசீர்வாதம் செய்வதாகவே நினைத்தார். தெருவில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். மீதிப் பாதி எப்படி நினைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏஜெண்டு போகும்போது சந்தோஷத்தில் தகரத்தை மாமனாருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் ராஜ வாழ்க்கை. அடுத்த வீட்டு மயினி, அதாவது அந்தப் பருத்தி அண்ணாச்சியின் பெண்சாதி, தினமும் காலையில் ஒரு செம்புப் பால் கொண்டுவருவாள். "கறந்த சூட்டோட மாமாவுக்குக் கொடு" என்பாள். உடன்குடிக் கருப்பட்டி ஒரு வீட்டிலிருந்து வரும். சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட காப்பி ஒரு வீட்டிலிருந்து வரும். அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் போவார்கள். "படி வழுக்கும் அண்ணாச்சி, பைய இறங்குங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். தும்மினால் தெரு முழுக்கக் கேட்டுவிடும், யாராவது திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"என் கல்யாணத்துலகூட என்னை இப்படித் தாங்கலை" என்று மாமனார் சிரிப்பார். எனக்கும் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட தெருவில் கொண்டுவந்து கொடுத்தாரே என்று என் அப்பாவை நினைத்துக்கொள்வேன். அந்தப் பாலில் நானும் ஒரு வாய் குடித்து ஒரு சுற்றுப் பருத்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த தை பிறந்தது. பொங்கலுக்கு மறுவாரம் பால் நின்றது.

மாடு வற்றியிருக்கும் என்று நினைத்தேன். புறவாசல் வழியாக எட்டிப் பார்த்தேன், மயினி செம்பு நிறையக் கறந்துகொண்டிருந்தாள். கருப்பட்டியும் வரவில்லை. சுக்குக் காப்பியும் வரவில்லை. ஆற்றுக்குப் போகும்போது மாமனார் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது மயினியிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்ன மயினி, பாலைக் காணோம்? எங்க மேல என்னமும் வருத்தமா?"

அவள் துணியை முறுக்கினபடியே, யோசிக்காமல் சொன்னாள். "வருத்தம் என்ன வருத்தம்? அதான் வருசம் ஒண்ணு ஆயிட்டுல்லா."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை ஓங்கி அடித்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷம் அவர் சாகாமல் இருக்க வேண்டும், அதனால் பால். வருஷம் முடிந்தது, இனி எப்போது செத்தாலும் பணம், அதனால் பால் இல்லை. படியில் கையைப் பிடித்துக்கொண்ட கைகள் எல்லாம் என் கண்முன் வந்தன. ஈரத்துணியைக்கூடப் பிழியாமல் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமனாரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மனுஷன் தெருவுக்கு ஆசீர்வாதம் செய்ததாக நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஊர்ல நாலு பேரு நாலும் நெனப்பான். நீ கண்டுக்காத" என்றார். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. அவர் எப்போதுமே வம்புக்குப் போகாதவர் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அதிலிருந்து "மாமா சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்காக. கல்லு மாதிரி இருக்காக" என்று சத்தமாகச் சொல்வேன். கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும். சுருங்கட்டும் சவம் என்று இருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஆறு கரை தட்டி ஓடியது. தனியாக ஆற்றுக்குப் போய் நனைந்து வந்த மாமனாருக்கு அன்று மாலையே குளிர்க்காய்ச்சல் கண்டது. மறுநாள் காலை தெரு முழுக்க எங்கள் பட்டாசலில்!

எங்கள் பக்கத்தில் சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை. கொண்டுவந்ததை வேண்டாம் என்பது அதைவிட மரியாதை இல்லை. ஒருவர் இளநீர், ஒருவர் கஷாயம், ஒருவர் ரசஞ்சாதம், ஒருவர் என்ன வேர் என்றே தெரியாத ஒரு லேகியம். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன். அவர்கள் தலை மறைந்ததும் புறவாசலில் கொண்டுபோய்க் கொட்டுவேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அதைத் தின்ற காக்கை ஒன்றும் சாகவில்லை, முன்னைவிடக் கொழுத்துத்தான் திரிந்தது. அவர்களில் யாரும் விஷம் வைக்கிற ஆள் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர்கள் மாமனாரின் முகத்தைப் பார்க்காமல், சாவு நெருங்கினதற்கு அடையாளமாகக் கால் வீங்கியிருக்கிறதா என்று காலைப் பார்த்தார்கள். அதைப் பார்த்த பிறகு யாரை நம்புவது?

பாளையங்கோட்டை மிஷன் டாக்டரை வரவழைக்கலாமா என்று நான் கேட்டபோது பருத்தி அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "இந்த வயசுல அவரைப் போட்டு எதுக்கு அலைக்கழிக்கணும்? வந்த வழி தெரிஞ்சவரு, போற வழியும் நல்லாப் போகட்டும்" என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அன்றிலிருந்து மாமனார் படுத்திருந்த அறைவாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காய் இருந்தாலும் நறுக்குவேன், இல்லாவிட்டாலும் நறுக்குவேன். உள்ளே போகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மனுஷன் எழுந்திருக்கவில்லை. நாளுக்கு நாள் வற்றினார். கன்னம் ஒட்டிப் போய், குரல் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. நான் மூன்று வேளையும் உளுந்தங்கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைக்கிறேன். "ஆறட்டும்ளா, வச்சிட்டுப் போ" என்பார். திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் காலி. இவ்வளவு குடித்தும் உடம்பில் ஒட்டவில்லையே என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். செய்வினையோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் மழை விட்டிருந்தது. வாழைக்குப் பாத்தி கட்டப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனேன். மாமனார் அறையின் ஜன்னலுக்கு நேர்கீழே வெள்ளையாகப் படிந்து கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். உளுந்தங்கஞ்சி. பழையது காய்ந்து, அதன்மேல் புதியது, அதன்மேல் அன்று காலையில் காய்ச்சியது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனேன். மருமகள் மாமனார் முன்னால் உட்காருவது கிடையாது. அன்றைக்கு அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மாமா இப்படிச் செய்யுதிய? கஞ்சியைக் கொட்டிட்டு ஏன் கிடக்கிய?"

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தத் தாளெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மொத நாளு தெரியாது. பொறவு பாலு வந்துச்சே, அப்பம் தெரிஞ்சிட்டு. ஒரு வருசம் பாலு குடிச்சேன். நின்னதும் நெசம்னு ஆயிட்டு."

"தெருவுக்காகவா சாவணும்? மூதிப் பயலுவ!"

"தெருவுக்கு என்னளா, தெரு கிடக்கு." அவர் மூச்சு வாங்கினார். "அவனும் ஒரு தாள் வச்சிருக்கான்."

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும், "எவன்?" என்றேன்.

"உன் வீட்டுக்காரன்தான். அன்னைக்கு எல்லாரும் போன பொறவு கொண்டாந்து நீட்டினான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவன் தின்ன வேண்டிய நஞ்சையை நான் வழக்குல தின்னுட்டேன். நான் விட்டுட்டுப் போறதுக்கு இனி இது ஒண்ணுதான் இருக்கு. கைராசிக்காரன் கையால பெத்த பிள்ளைக்கு ஒரு பிடி விழட்டும்ளா. நீ கஞ்சி வைக்காத."

நான் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை நாள் யாரையெல்லாமோ சந்தேகப்பட்டு வாசலில் அரிவாள்மணையோடு காவல் இருந்திருக்கிறேன், காவல் இருந்த வீட்டுக்குள்ளேயே தாள் இருந்திருக்கிறது.

இரவு வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கையைக் கழுவிவிட்டார். "எல்லாரும் போடுதாகளேன்னு நானும் போட்டேன். அப்பா சாகணும்னு நான் நெனைப்பேனா?" என்றார். "நெனைக்காண்டாம். மாசாமாசம் ரூபா கட்டுதியள்லா, அது போதும்" என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அடுத்தவன் போகிற வழியில் போகிறவர், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் தாளைக் கிழித்தாலும் மாமனார் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். பணம் வருகிற வழி திறந்திருக்கிற வரைக்கும் அவர் கஞ்சியைத் தொடமாட்டார். அடைக்க வேண்டியது அந்த வழியைத்தான். விடிந்ததும் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு கஞ்சிக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு நேரே மாமனார் கட்டிலுக்குப் போனேன்.

"மாமா, பண்டு முங்கிட்டாம். ஏஜெண்டு ராத்திரியோட ராத்திரியா தூத்துக்குடி போயிக் கப்பல் ஏறிட்டானாம். காலணா திரும்பாதாம். ஆத்தங்கரை பூரா இதே பேச்சு."

என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் பொய் சொன்னதில்லை. அவர் என்னையே பார்த்தார். கண் இமைக்கவில்லை. கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"முங்கிட்டா?"

"ஆமா மாமா."

"அப்பம் நான் செத்தா அவனுக்கு ஒண்ணும் கிடையாது."

"செலவுதான் உண்டு. பந்தல் போடணும், பதினாறு கழிக்கணும்" என்றேன்.

அவர் வாய் லேசாகக் கோணியது. கையை நீட்டினார். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, ஒரு மிடறு குடித்தார். அப்புறம் இன்னொன்று. பாதி குடித்தார். நான் அடுக்களைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

பொய்யைச் சொல்வது ஒரு நாள் சோலி, காப்பாற்றுவது தினசரிச் சோலி. யாராவது உள்ளே வந்து பண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் கெட்டது. யாரும் மாமனாரைப் பார்க்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதாக இன்னொரு பொய்யைச் சொல்லி எல்லோரையும் பட்டாசலோடு திருப்பி அனுப்பினேன். பட்டாசலில் உட்கார்ந்தவர்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, உதட்டைப் பிதுக்கி, பெருமூச்சுவிட்டு, கொஞ்சம் திருப்தியாகவே போனார்கள். அப்படி ஆறேழு நாள் தள்ளினேன். மாமனார் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. எழுந்து ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார்.

அந்த ஜன்னலை நான் மறந்துவிட்டேன். கஞ்சி வெளியே போன வழியில் பேச்சும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது சந்துப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"ஏன் வே, பண்டு முங்கிட்டாமே? உமக்கு எவ்வளவு போச்சு?"

ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே பருத்தி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். சாகக் கிடக்கிறார் என்று நினைத்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து ஒரு அதிர்ச்சி, பேசினதைக் கேட்டு இன்னொரு அதிர்ச்சி. "யாரு சொன்னா? எப்பம்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அவர் செருப்பில்லாமல் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் வண்டி பூட்டுகிற சத்தம். கைராசிக்காரர் வாயிலிருந்தே வந்துவிட்டது என்றால் அதற்கப்புறம் அப்பீல் ஏது? ஒரு வண்டி, பின்னால் இன்னொரு வண்டி. வண்டி கிடைக்காதவர்கள் நடந்தே டவுனுக்குப் போனார்கள்.

அன்று பகல் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் பண்டு ஆபீசைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "எல்லாம் பொய், பண்டு ஜோராக நடக்குது" என்று ஜன்னலோரம் நின்று சொல்லிவிட்டால், மறுபடி கிண்ணம் கவிழும். இந்தத் தடவை கவிழ்ந்தால் அவர் பிழைக்கமாட்டார். ஜன்னலைச் சாத்தினேன். "காத்து வேணும்ளா, திற" என்றார். திறந்தேன். வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் ஓங்கி அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுத்த வீட்டில் மயினி. அப்புறம் எதிர்வரிசை. சாவு வீடு மாதிரி தெரு முழுக்க ஒப்பாரி. கடையிலிருந்து ஓடி வந்த என் வீட்டுக்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். எங்கள் தெருவுக்காரர்கள் கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பண்டு ஆபீசில் கூட்டமாகப் போய் இறங்கியதும் மற்ற ஊர்க்காரர்களும் பயந்து கூடிவிட்டார்களாம். முதலில் நின்ற சிலருக்கு ஏதோ கொஞ்சம் கையில் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பெட்டி காலி. பின்வாசல் வழியாகப் போன ஏஜெண்டு திரும்பவில்லை.

பண்டு முங்கிவிட்டது. நான் சொன்னபடியே!

எனக்குக் கருநாக்கு என்று அன்றைக்குப் பேர் வந்தது. நான்தான் முதலில் சொன்னேன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. நான் சொன்னால் பலிக்கும் என்று பல வருஷம் பெண்கள் என்னோடு சண்டை போடவே பயந்தார்கள், அது ஒரு சௌகரியம். அன்று இரவு மட்டும் ஒவ்வொருவராக எங்கள் பட்டாசலுக்கு வந்து, உயிரோடு உட்கார்ந்திருந்த மாமனார் முன்னால் துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வெறுங்கையோடு வந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு கஞ்சியைப் பானையோடு கொண்டுபோனேன். பானைக்கு மூடி தேடி அகப்படாமல் அந்தத் தகரத்தைத்தான் கவிழ்த்திருந்தேன். மாமனார் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏளா, அன்னைக்கு நீ சொன்னது பொய்தானே?"

இனி மறைத்து என்ன? "ஆமா மாமா" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். பண்டு முங்கியிருந்தா இன்னைக்கு அழுத அழுகை அன்னைக்குல்லா கேட்டிருக்கணும். தெருவுல ஒரு சத்தம் இல்லையே."

"தெரிஞ்சுமா குடிச்சிய?"

"எல்லாரும் நான் எப்பம் போவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கான். நீ ஒருத்திதான் நான் இருக்கணும்னு பொய் சொல்லுதே. பொறவு எப்படிக் கொட்ட?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "தெரிஞ்சிருந்தா, பொறவு ஏன் மாமா ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு அந்த அண்ணாச்சிகிட்ட பண்டு முங்கிட்டாமேன்னு கேட்டிய?"

அவர் கஞ்சியை ஒரு மிடறு குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தொடங்குன காரியம்லா? கைராசிக்கு நானும் ஒரு கை போட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாசல்படியில் வீட்டுக்காரர் இன்னும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாமனார் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு என்னிடம் நீட்டி, "இன்னும் இருக்கா?" என்றார். தகரத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பானையில் இருந்ததை ஊற்றினேன்.